படம் காட்டினால் மனம் மாறுமா?



டிசம்பர் 28-ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகளின் விழா. ஏரோது அரசனின் ஆணையால் பெத்லகேமில் வெட்டுண்ட பச்சிளங் குழந்தைகளை அன்று திருஅவை நினைவுகூர்கிறது. அதே நாளில், பிறக்கும் முன்னரே கருவில் அழிக்கப்படும் குழந்தைகளுக்காகவும் நம் ஆலயங்களில் மன்றாடுகிறோம்.

சென்ற ஆண்டு அந்த விழாவுக்குப் பத்து நாள் முன்னதாக, நம் பங்கின் இளையோர் நான்கு பேர் மாலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். அவர்கள் கைப்பேசியில் சில படங்கள் இருந்தன. கருக்கலைப்பு செய்யப்பட்ட சிசுவின் படங்கள். சிதைந்த ஒரு சிறு கை, ஒரு சிறு பாதம், இரத்தம். "ஃபாதர், இத பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸா அடிச்சு கோயில் வாசல்ல கட்டிடுவோம். இதப் பாத்த யாருக்கும் கருவக் கலைக்க மனசு வராது" என்றார்கள்.

அவர்கள் நெஞ்சில் இருந்தது உண்மையான வேதனை. அதைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை இல்லை. ஆனாலும் உடனே சரி என்று சொல்ல நம்மால் முடியவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். காரணம், பல ஆண்டுகளுக்கு முன் இதே தவற்றை நாமே செய்திருக்கிறோம்.

அப்போது வேறொரு பங்கில் இருந்தோம். தவக்காலத் தியானத்தின்போது, ஆலயத்தில் வெண்திரை கட்டி, கருக்கலைப்பைக் காட்டும் ஒரு குறும்படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்தபோது ஆலயம் முழுவதும் நிசப்தம். சிலர் அழுதார்கள். நல்ல பலன் கிடைத்துவிட்டது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் காலை ஒரு தாய் பங்கு இல்லத்தின் வாசலில் நின்றிருந்தார். ஒப்புரவு அருளடையாளத்திற்காக அவர் வரவில்லை. பேசுவதற்காக வந்திருந்தார். "எங்க வேணும்னாலும் சொல்லுங்க சாமி, எம்பேர மட்டும் சொல்லாதீங்க" என்று அவரே அனுமதி தந்ததால்தான் இதை இங்கே சொல்கிறோம்.

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது முறை கருவுற்றபோது, எங்கோ ஓரிடத்தில் பணம் கொடுத்து, கருவில் இருப்பதும் பெண்தான் என்று வீட்டார் தெரிந்துகொண்டார்கள். பிறகு நடந்ததை நாம் விவரிக்கத் தேவையில்லை. அவர் சொன்னார்: "சாமி, நாங்கள்லாம் பாக்காமத்தான் போனோம்னு நெனச்சு நேத்து படம் காட்டினீங்க. நான் பாத்தேன் சாமி. டி.வி. பொட்டில அது காலு அசையறத பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். அன்னிக்கு எம்பக்கத்துல நிக்கத்தான் ஒருத்தரும் இல்ல."

அன்பார்ந்தவர்களே, இந்தச் சொற்களை இன்றுவரை நம்மால் மறக்க முடியவில்லை. படம் காட்டினால் மனம் மாறுமா? எந்த அளவுக்கு மாறும்? எங்கே மாறாது? உயிரைக் காக்க விரும்பும் நாம் இந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது, நாம் கையில் எடுக்கும் கருவி என்ன செய்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படம் வந்த வழி

கருவில் இருக்கும் குழந்தையின் அசைவை மனிதர் கண்ணால் காணத் தொடங்கி நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதுவரை தாய் மட்டுமே அதை அறிவாள், உள்ளே அசைவு தெரிந்த நாளிலிருந்து. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், ஒலி அலைகளைக் கொண்டு வயிற்றின் உட்புறத்தைக் காணும் முறையைத் தம் தோழர்களோடு உருவாக்கி, 1958-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்று நாம் 'ஸ்கேன்' என்று சொல்வது அதன் வழித்தோன்றல்தான். டொனால்டு கருக்கலைப்பை எதிர்த்த கிறிஸ்தவர். ஸ்கேன் படம் உயிரின் பக்கம் நிற்கும் சாட்சி என்று அவர் நம்பினார்.

1965 ஏப்ரல் 30-ஆம் நாளிட்ட அமெரிக்காவின் 'லைஃப்' இதழின் அட்டையில், லென்னார்ட் நில்சன் என்ற சுவீடன் நாட்டுப் புகைப்படக் கலைஞர் எடுத்த 18 வாரக் கருவின் படம் வெளிவந்தது. உலகமே வியந்து பார்த்தது. உயிரின் அழகைக் காட்டும் சான்றாக இன்றுவரை அந்தப் படங்கள் வலம் வருகின்றன. ஆனால், அந்தத் தொகுப்பில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மருத்துவக் காரணங்களுக்காக அறுவை செய்து வெளியே எடுக்கப்பட்ட கருக்களின் படங்கள். இதை அந்த இதழே தெரிவித்திருந்தது. படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்பார்கள்?

1984-ல் 'மௌன அலறல்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் ஆங்கிலக் குறும்படம் வந்தது. அதில் விளக்கம் சொன்னவர் மருத்துவர் பெர்னார்டு நேதன்சன். ஒரு காலத்தில் நியூயார்க்கில் கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றை நடத்தியவர், கருக்கலைப்புச் சட்டத்திற்காகப் போராடியவர். ஸ்கேன் கருவியில் கருவின் அசைவுகளைக் கண்டு தம் எண்ணம் மாறியதாக அவரே சொன்னார். 1996-ல் கத்தோலிக்கத் திருஅவையில் திருமுழுக்குப் பெற்றார். ஆகவே, படம் மனத்தை மாற்றவே மாற்றாது என்று நாம் சொல்ல முடியாது. இதோ, ஒரு மனிதரின் வாழ்வே மாறியிருக்கிறது. ஆனால் அவர் எடுத்துக் காட்டிய அந்தக் குறும்படத்தைப் பற்றி அன்றே மருத்துவர்கள் பலர் மறுப்புச் சொன்னார்கள். 12 வாரக் கருவுக்கு வலியை உணரும் அளவுக்கு நரம்பு மண்டலம் வளர்ந்திருக்காது என்றும், காட்சியின் வேகம் கூட்டிக் காட்டப்பட்டது என்றும் வாதிட்டார்கள். விளைவு என்ன? உயிரைப் பற்றித் தொடங்கிய பேச்சு, படம் உண்மையா பொய்யா என்ற பேச்சாக முடிந்தது. நம்பியவர்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள், நம்பாதவர்கள் இன்னும் உறுதியாக மறுத்தார்கள்.

இந்தப் படங்கள் அனைத்திலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். அட்டைப்படமானாலும், குறும்படமானாலும், ஃபிளெக்ஸ் ஆனாலும், அவற்றில் தாய் இல்லை. குழந்தை ஆகாயத்தில் மிதப்பதுபோலத் தனியே தெரிகிறது. அதைச் சுமக்கும் பெண்ணின் முகம் இல்லை. அவள் சாப்பிட்டாளா, அழுதாளா, அவளை யார் அதட்டினார்கள், கணவன் எங்கே, மாமியார் என்ன சொன்னார், கையில் காசு எவ்வளவு இருந்தது, இதில் ஒன்றும் படத்தில் இல்லை. முடிவு எடுக்கப்படும் இடமோ அதுதான்.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கருக்கலைப்பு மையங்களின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2014-ல் மருத்துவ இதழில் வெளியானது. 15,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். ஸ்கேன் படத்தைப் பார்க்க விருப்பமா என்று அங்கு வந்த பெண்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் 98.4 விழுக்காட்டினர் கருக்கலைப்பு செய்துகொண்டார்கள். பார்க்காதவர்களில் 99 விழுக்காட்டினர். வேறுபாடு அவ்வளவுதான். ஏற்கெனவே தயக்கத்தோடு வந்த சிறு பிரிவினரிடம் மட்டும் படம் ஓரளவு வேறுபாட்டை உண்டாக்கியது.

இது முடிவெடுத்து மருத்துவமனை வாசல்வரை வந்துவிட்டவர்களைப் பற்றிய கணக்கு என்பது உண்மைதான். ஆனாலும் இது நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. மனம் ஊசலாடும்போது படம் ஒரு சிறு தள்ளு தள்ளலாம். மனம் முடிவெடுத்த பிறகு, அந்த முடிவுக்குக் காரணமான சுமையைப் படம் இறக்கி வைப்பதில்லை.

அயர்லாந்தையும் எண்ணிப் பார்ப்போம். கத்தோலிக்க நாடு என்று பெயர் பெற்றது. கருவில் உள்ள குழந்தையின் உயிர் உரிமையை 1983-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதை நீக்கலாமா என்று 2018 மே 25-ஆம் நாள் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. அந்தப் பரப்புரையின்போது சிலர் சிதைந்த சிசுக்களின் பெரிய படங்களை ஏந்தி, டப்ளின் நகர மகப்பேறு மருத்துவமனைகளின் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே சென்றவர்களில் கருச்சிதைவால் குழந்தையை இழந்து கொண்டிருந்த தாய்மாரும் உண்டு. மறுபக்கத்தாரும் ஒரு படத்தை உயர்த்திப் பிடித்தார்கள். அது சிரித்த முகத்தோடு ஓர் இளம்பெண்ணின் படம். நம் நாட்டின் கர்நாடகத்தில் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர். 2012-ல் அயர்லாந்தின் கால்வே நகரில், கருச்சிதைவு தொடங்கிய நிலையில், கருவை அகற்றுமாறு கேட்டும் மறுக்கப்பட்டு, நஞ்சு இரத்தத்தில் பரவி இறந்தவர். வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் சட்டப் பிரிவை நீக்கச் சொன்னார்கள்.

அந்த முடிவு நமக்குத் துயரம் தருகிறது. எந்தப் படம் எத்தனை வாக்குகளை மாற்றியது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துப் படத்தில் குழந்தை இருந்தது, தாய் இல்லை. மறுபக்கத்துப் படத்தில் தாய் இருந்தார், குழந்தை இல்லை. இருவரையும் சேர்த்துப் பார்க்கும் கண்தான் நற்செய்தியின் கண். அந்தக் கண்ணை உலகுக்குத் தர வேண்டிய நாமே பாதிப் படத்தைத் தூக்கிப் பிடிக்கலாமா?

நம் மாவட்டத்தின் கதை

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இங்கே, நம் கடலூர் மாவட்டத்தில் ஸ்கேன் படம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. இங்கே இந்த விவாதம் தெருவில் நடப்பதில்லை. அடுப்படியிலும், மாமியார் வீட்டுத் திண்ணையிலும், கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசும் இரவுகளிலும் நடக்கிறது. 1980-களுக்குப் பிறகு ஸ்கேன் கருவி ஊர் ஊராகப் பரவியபோது, குழந்தையின் நலம் அறிய வந்த படத்தை, குழந்தை ஆணா பெண்ணா என்று அறியப் பலர் பயன்படுத்தினார்கள். 1994-ல் அதைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1996 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும், இங்கே பாலினம் தெரிவிக்கப்படாது என்ற பலகையை நாம் பார்க்கிறோம்.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள் இருந்தார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் எத்தனை தெரியுமா? 896. மாநிலத்திலேயே மிகத் தாழ்ந்த எண்களில் ஒன்று நம்முடையது. பத்தாண்டுகளுக்கு முன், 2001-ல், இதே மாவட்டத்தின் எண் 950-க்கு மேல் இருந்தது. பத்தே ஆண்டுகளில் இவ்வளவு சரிவு. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள்தாம் இன்று நம் மறைக்கல்வி வகுப்புகளை முடித்து இளையோராக நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே வெற்றிடங்கள் உள்ளன. நமக்குத் தெரியாத பெயர்கள், சூட்டப்படாத பெயர்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்தக் குழந்தைகளில் பலர் கண்ணுக்குத் தெரியாததால் அழிந்துபோனவர்கள் அல்லர். தெரிந்ததால் அழிந்தவர்கள். உயிரின் சாட்சி என்று டொனால்டு நம்பிய அதே படம், இங்கே தீர்ப்புச் சீட்டாக மாறிவிட்டது. ஒரே படத்தைப் பார்த்து ஒரு வீட்டில் வளைகாப்புக்கு நாள் குறிக்கிறார்கள், இன்னொரு வீட்டில் தலையைக் குனிந்து கொள்கிறார்கள். வேறுபாடு படத்தில் இல்லை. வரப்போகும் மகளுக்காக அந்த வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எது மாற்றியது?

1985, 86 ஆண்டுகளில் உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலையைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. ஜூனியர் விகடன் எழுதியது. இந்தியா டுடே 1986-ல் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' திரைப்படம் வந்தது, தேசிய விருதும் பெற்றது. வீட்டில் வரதட்சணை பேசிய அதே மக்கள் திரையரங்கில் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் கண்ணீர் ஒன்றே தொட்டிலாகிவிடாது.

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது சென்றது. 2011-ல் நம் கடலூருக்கும் வந்தது. பெண் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை போடும் திட்டமும் 1992-ல்தான் தொடங்கியது. தர்மபுரி மாவட்டத்தில் 1990-களின் பிற்பகுதியில் 'கலைப்பயணம்' என்ற பெயரில் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. அவர்கள் தங்கள் மொழியில், தங்கள் மாமியார்கள் பேசுவதுபோலப் பேசி நடித்துக் காட்டினார்கள். நாடகம் முடிந்த பிறகும் ஊர் பேசிக்கொண்டிருந்தது. கிராமச் செவிலியர்கள் கருவுற்ற பெண்களின் வீட்டுக்கு மறுபடி மறுபடி போனார்கள். 2001-ல் 860-க்கும் கீழே கிடந்த சேலம், தர்மபுரி மாவட்டங்களின் எண்கள் 2011-ல் 910-ஐத் தாண்டின.

இதை எந்த ஒரு செயலின் பலன் என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து செய்தன. ஆனால் வரிசையைப் பாருங்கள். படமும் செய்தியும் வெளியில் இருந்தவர்களின் கண்ணைத் திறந்தன. உள்ளே இருந்த தாயின் நிலையை மாற்றியவை தொட்டில், பணம், வீடு தேடி வந்த கால்கள், ஊரே கூடிப் பேசிய பேச்சு.

நாம் உருவங்களின் மக்கள் அல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். "ஃபாதர், நம் ஆலயத்தில் சுற்றிலும் பதினான்கு சிலுவைப்பாதைப் படங்கள் இருக்கின்றன. இரத்தம் வடியும் பாடுபட்ட சுரூபம் பீடத்திற்கு மேலே இருக்கிறது. அது மட்டும் மனத்தை மாற்றவில்லையா?" நல்ல கேள்வி. இளையோரில் ஒருவர் இதைத்தான் கேட்டார்.

மாற்றுகிறது. ஆனால் எப்படி மாற்றுகிறது? சிலுவையில் தொங்குபவருக்குப் பெயர் இருக்கிறது. அவரை நாம் அறிவோம், அவர் நம்மை அறிவார். அந்த உருவத்தைக் காட்டி அடுத்தவரைப் பார்த்து "நீ கொலைகாரன்" என்று நாம் சொல்வதில்லை. "என் பாவத்திற்காக" என்று நம் மார்பிலேயே தட்டிக்கொள்கிறோம். அந்த உருவம் குற்றம் சாட்டும்போதே மன்னிக்கவும் செய்கிறது. அதன் அடியில் ஒரு தாயும் நிற்கிறார். இந்த நான்கும் அந்த ஃபிளெக்ஸில் உண்டா? பெயர் இல்லை, உறவு இல்லை, மன்னிப்பு இல்லை, தாயும் இல்லை.

தாவீது அரசரை இறைவாக்கினர் நாத்தான் திருத்திய நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள் (2 சாமுவேல் 11, 12). உரியா போர்க்களத்தில் இறந்த செய்தியைத் தூதன் வந்து சொன்னபோது தாவீது அசையவில்லை. போரில் இப்படி நடப்பதுதான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். நாத்தான் வந்து உரியாவின் பிணத்தைக் காட்டவில்லை. ஓர் ஏழை தன் மடியில் வைத்து மகளைப்போல் வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். தாவீதின் கோபம் பொங்கியது. அதன் பிறகே அந்த மனிதன் நீரே என்றார் நாத்தான். பிணத்தின் செய்திக்கு அசையாத இதயம் ஆட்டுக்குட்டியின் அன்புக்கு உடைந்தது. முதலில் அன்பு காட்டப்பட வேண்டும். இழந்தது எவ்வளவு பெரியது என்பது அதன் பிறகுதான் விளங்கும்.

கோயில் வாசலில் கட்டப்படும் படத்தை யார் பார்ப்பார்கள் என்றும் எண்ண வேண்டும். முடிவெடுக்கும் மாமியாரும் கணவரும் ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் திருப்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். தானாகக் கரு கலைந்து, அந்தத் துயரைச் சொல்லாமலே வாழும் பெண். பத்து ஆண்டுகளுக்கு முன் கட்டாயத்தின் பேரில் ஒத்துக்கொண்டு, இன்றும் தூங்காத பெண். புது நன்மைக்குத் தயாராகும் எட்டு வயதுப் பிள்ளை. ஞாயிறுதோறும் நம் பக்கத்து வரிசையில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

உண்மையும் இரக்கமும்

இதைக் கேட்டு, கருக்கலைப்பு பெரிய தவறில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார் என யாரும் எண்ண வேண்டாம். கருவில் தோன்றிய நொடியிலிருந்தே உயிர் கடவுளுக்கு உரியது. அதை நேரடியாக அழிப்பது கொடிய பாவம். திருஅவையின் இந்தப் போதனை மாறவில்லை, மாறாது. 1995 மார்ச் 25-ஆம் நாள் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' என்ற திருமடல் இதை ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்படுத்துகிறது.

ஆனால் அதே மடலின் 99-ஆம் பத்தியை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அங்கே திருத்தந்தை, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களிடமே நேராகப் பேசுகிறார். அந்த முடிவுக்குப் பின்னால் எத்தனை அழுத்தங்கள் இருந்திருக்கும் என்பதைத் திருஅவை அறியும் என்கிறார். நடந்தது தவறுதான், ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறார். இரக்கத்தின் தந்தை காத்திருப்பதாகச் சொல்கிறார். இன்னும் மேலே சென்று, உயிரின் மிகச் சிறந்த பாதுகாவலர்களாக அப்பெண்களே ஆக முடியும் என்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில், இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டு முடிந்தபோது, இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை உலகெங்கும் உள்ள எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிலையாக வழங்கினார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரியே, அந்தச் சுமையோடு நீங்கள் இருந்தால், எந்தக் கோயிலுக்கும் போகலாம், எந்தக் குருவிடமும் வரலாம். கணவன்மாரும் மாமியாரும் மாமனாரும்கூட வர வேண்டும். அந்தப் பாவத்தில் பெரும்பாலும் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நாம் என்ன கட்டினோம்?

ஒரு வாரம் கழித்து இளையோர் வந்தார்கள். அன்பியப் பொறுப்பாளர்களும், சில தாய்மாரும் உடன் அமர்ந்தார்கள். இவ்வளவும் பேசினோம். வாதம் இருந்தது, கோபமும் இருந்தது. கடைசியில் ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவாகவில்லை. வேறு ஃபிளெக்ஸ் என்று முடிவாயிற்று.

கன்னி மரியா எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சி (லூக்கா 1:39-45). வயிற்றில் பிள்ளையோடு இரண்டு பெண்கள். ஒருவர் திருமணம் முழுமையடையும் முன்பே கருவுற்று, ஊர் என்ன சொல்லுமோ என்ற நிலையில் இருந்தவர். மற்றவர் முதிர்ந்த வயதில் கருவுற்று ஐந்து மாதம் வெளியே வராதிருந்தவர். ஒருவர் மலைநாட்டுக்கு நடந்து வந்தார். மற்றவர் கதவைத் திறந்தார். அந்த வாழ்த்தொலி கேட்டுத்தான் கருவிலிருந்த குழந்தை துள்ளியது என்று நற்செய்தி சொல்கிறது. குழந்தை எப்போது துள்ளுகிறது பாருங்கள். தாய்க்குத் துணை வந்த நேரத்தில். இந்தப் படத்தில் குழந்தையும் இருக்கிறது, தாயும் இருக்கிறார், தேடி வந்தவரும் இருக்கிறார்.

படத்தின் கீழே மூன்று உறுதிமொழிகளை எழுதினோம். முதலாவது, நம் பங்கில் கருவுற்றிருக்கும் எந்தப் பெண்ணும் மருத்துவமனைக்குத் தனியே போக வேண்டாம், அன்பியத்திலிருந்து ஒருவர் உடன் வருவார். இரண்டாவது, மூன்றாவது பெண்ணாகப் பிறந்தாலும் நான்காவது பெண்ணாகப் பிறந்தாலும் கோயில் மணி அடித்து, பங்கே சேர்ந்து திருமுழுக்கு விருந்து வைக்கும். அரசின் வைப்புத்தொகைத் திட்டம் இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது, அடுத்தவளுக்கு நாம் கை கொடுப்போம். மூன்றாவது, திருமணமாகாமல் கருவுற்ற மகளை எந்த வீடும் வெளியே தள்ள வேண்டாம், பங்கு அவளுக்குக் கதவு திறக்கும். வளர்க்க இயலாத குழந்தைக்குச் சட்டப்படியான தத்துக்கு வழி உண்டு. பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களையும் எழுதினோம்.

தொடர்புக்கு நம் பங்கு இல்லத்தின் எண்ணைப் போட்டிருந்தோம். கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "சாமி நம்பர போட்டா எந்தப் பொண்ணு சாமி போன் பண்ணும்? பொம்பள நம்பரா போடுங்க" என்றார். நியாயம்தானே! நம் எண்ணை அழித்துவிட்டு, முன்வந்த இரண்டு தாய்மாரின் எண்களைப் போட்டோம்.

இதனால் எத்தனை குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கு கடவுளுக்குத் தெரியும். தொலைபேசி ஒலித்தது என்பது மட்டும் நமக்குத் தெரியும். அதைவிட முக்கியம், உறுதிமொழியைச் சுவரில் எழுதுவது எளிது, வாரந்தோறும் காப்பது கடினம் என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை துணைக்குப் போக ஆள் கிடைக்காமல் தடுமாறினோம். அந்தத் தவறு திரும்பக் கூடாது. ஆகவே இந்த மறையுரையைக் கேட்கும் ஒவ்வோர் அன்பியமும் இரண்டு பெயர்களையாவது தர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வடலூர். தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டுவதைக் காண இலட்சக்கணக்கான மக்கள் நம் ஊர் வழியாகச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். வள்ளலார் சத்திய ஞான சபையை எழுப்பியது 1872-ல். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 1867-ல், பசித்தவர்களுக்குச் சோறிடத் தருமச்சாலையில் அடுப்பை மூட்டிவிட்டார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. முதலில் அடுப்பு, பிறகு காட்சி. நம் அயலாரிடமிருந்து கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் என்ன? நம் ஆண்டவரும் பசித்தவர்களுக்கு அப்பம் பகிர்ந்துவிட்டுத்தான் வாழ்வு தரும் உணவைப் பற்றிப் பேசினார் (யோவான் 6).

திருப்பாடல் 139, தாயின் வயிற்றில் கடவுள் நம்மை உருவாக்குவதைத் துணி நெய்வதோடும், பூமியின் ஆழத்தோடும் ஒப்பிடுகிறது. தறி ஓசை கேட்டு வளர்ந்த குறிஞ்சிப்பாடிக்காரருக்கும், சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கி உழைக்கும் நெய்வேலிக்காரருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நெய்யும்போது இடையில் இழை அறுந்தால் நெசவாளர் துணியை வீசி எறிவதில்லை. நிறுத்தி, குனிந்து, இழையைப் பிணைத்துவிட்டுத் தொடர்கிறார். அறுந்த நிலையில் நம்மிடையே இருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் அப்படிக் குனிந்து கைகொடுக்கும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.

மன்றாடுவோமாக. கருவிலேயே எங்களை அறிந்த தந்தையே, இன்று இந்த வட்டாரத்தில் பயத்தோடு கருவைச் சுமக்கும் ஒவ்வொரு மகளுக்கும், அவள் வீட்டுக் கதவைத் தட்ட எங்களில் ஒருவரை அனுப்பும். ஆமென்.